அப்பாவின் டம்ளரில் தண்ணீர் வைத்தது யார்?

டம்ளர் நிறைந்திருந்தது.

விளிம்பு வரை தண்ணீர். முந்தின நாள் சாயங்காலம் அதைக் கழுவித் துடைத்து முக்காலியின் மேல் கவிழ்த்து வைத்தவள் நான். அது அப்பாவின் எவர்சில்வர் டம்ளர். அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அறை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே போய் முகர்ந்தேன். குளோரின் வாசனை. எங்கள் அடிபம்பில் வந்த புதுத் தண்ணீர். வீட்டுக் கதவைப் போய்ப் பார்த்தேன். மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டும் உள்பக்கம் போட்டபடியே இருந்தன.

காலை ஏழு மணிக்கு லூர்து வந்தார். என் கணவர். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, அந்த வாரம் நைட். அவர்தான் ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்து, நிற்க வைத்துக் கேட்டேன்.

"இப்பதான் தெருவுல கால் வெச்சேன். எனக்கே காபி குடுக்க ஆளைக் காணோம், நான் மாமாவுக்குத் தண்ணி வெக்கப் போறேனா?" என்றார்.

தண்ணீரைக் கொட்டினேன். டம்ளரைக் கவிழ்த்தேன். மறுநாள் காலையிலும் அது நிறைந்திருந்தது.

திருவான்மியூரிலிருந்து ஒரு கடிதம்

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தத் தொடரில், "அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கிடையாது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். "எனக்கும் அப்படித்தான். படுத்தால் நெஞ்சு படபடக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லாமல் நழுவிவிட்டீர்களே" என்று கேட்டிருக்கிறார்.

நழுவியது உண்மைதான் அம்மா. சொன்னால் பேய்க்கதை என்பார்கள் என்று பயம். இன்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், சென்னையில் தண்ணீர் இல்லாத வருஷம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மந்தைவெளியில் ஒரு முட்டுச்சந்தில் நாலு குடித்தனம் இருந்த வீட்டில் நாங்கள் கீழ்ப் போர்ஷன். வாசல் முற்றத்தில் பொதுவாக ஓர் அடிபம்பு. அதில் கார்ப்பரேஷன் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் நாலு மணிக்குள் என்றைக்காவது வரும். வரும் நாளும் நிச்சயம் இல்லை, நேரமும் நிச்சயம் இல்லை. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் அலாரம் வைத்துக்கொண்டுதான் தூங்கினார்கள்.

அப்பாவின் ஜன்னல் அந்தப் பம்பைப் பார்த்த மாதிரி இருந்தது.

கூஜாவைக் கவிழ்த்த ராத்திரி

அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளைப்பு நோய். ராத்திரியில் வாய் உலர்ந்துபோகும், கூப்பிடக் குரல் வராது. அதனால் டம்ளரால் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவார். டிங், டிங். கீழே பாயில் படுத்திருக்கும் நான் எழுந்து கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். ஒரு ராத்திரிக்கு நாலு தடவை, ஐந்து தடவை. மூன்று மாதம் இப்படி ஓடியது. பகலில் பள்ளிக்கூடம், ராத்திரியில் டிங் டிங். ஒருநாள் ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் சாய்ந்து நின்றபடியே தூங்கியிருக்கிறேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள், பாவம்.

அன்றைக்குக் கூஜாவில் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. குடத்திலும் இல்லை. இன்று பம்பில் வரும், வந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்று கூஜாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். லூர்து நைட் ஷிப்ட்.

அலாரம் அடித்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது வெயில் வந்துவிட்டது. அப்பா கட்டிலில் இருந்தார், ஆனால் இல்லை.

டம்ளர் முக்காலியில் இல்லை. நாலடி தள்ளி ஜன்னல் மேடையில் பாதித் தண்ணீரோடு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அப்பா தட்டியிருக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டியிருக்கிறார். மூச்சு முட்டி ஜன்னலுக்குப் போய் நின்றிருக்கிறார், என்னைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். திரும்பி வந்து படுத்து இறந்திருக்கிறார். இவ்வளவும் நடக்க, நான் காலடியில் கட்டையாகத் தூங்கியிருக்கிறேன்.

இதை லூர்துவிடம் சொல்லவில்லை. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா தட்டினாரா, தட்டவில்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்லக்கூடியவர் கல்லறையில் இருந்தார்.

அன்றிலிருந்து தூக்கம் போனது.

ஆளுக்கொரு வைத்தியம்

தூக்கம் வராதவளுக்கு ஊரே டாக்டர். பாலில் ஜாதிக்காய் உரசிக் குடி என்றார்கள். கசகசா அரைத்துக் கொடுத்தார்கள். தலையணையை வடக்கிலிருந்து கிழக்குக்கு மாற்றினார்கள். லூர்துவின் அக்கா மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பாட்டில் எண்ணெயோடு வந்து என் உச்சந்தலையில் தட்டு தட்டென்று தட்டிவிட்டுப் போனார். ஜெபமாலை சொன்னால் பாதியில் தூங்கிவிடுவாய் என்றார்கள். ஐம்பத்து மூன்று மணியும் தீர்ந்து, மறுபடி ஆரம்பித்து, அதுவும் தீரும்.

படுத்ததும் நெஞ்சு அடிக்கும். காஸை மூடினேனா? எழுந்து போய்ப் பார்ப்பேன். தாழ் போட்டேனா? போய்ப் பார்ப்பேன். மூன்று தரம். பிறகு கடிகாரம். பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. அப்புறம் மெல்லிசாக அந்தப் பக்கத்து அறையிலிருந்து, டிங். காதைப் பொத்திக்கொண்டால் கைக்குள்ளேயே கேட்கும்.

ஒரே ஒரு லாபம் இருந்தது. எங்கள் பள்ளியில் லேட்டாக வந்தால் ஒரு பதிவேட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதங்களில் அதில் என் பெயரே இல்லை. "ஸ்டெல்லாவைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று தலைமையாசிரியை மதர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் லூர்து என்னைத் தி. நகரில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனார். நல்ல மனுஷர். மாத்திரைச் சீட்டைக் கையில் எடுக்கும் முன்னால் அரைமணி நேரம் பேசினார். "தூக்கம் வரலைன்னா படுக்கையில மல்லாடாதீங்க, எழுந்து வந்து உக்காருங்க. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைங்க. கவலைப்படணும்னா சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரைக்குள்ள பட்டுடுங்க. மிச்ச நேரத்துல வந்தா, 'நாளைக்கு ஆறு மணிக்கு வா'ன்னு சொல்லி அனுப்பிடுங்க" என்றார்.

கவலைக்கு நேரம் ஒதுக்குவதா என்று சிரித்தேன். ஆனாலும் செய்தேன். லூர்து ஸ்கூட்டரில் பெசன்ட் நகர் கூட்டிப் போவார். மாதா கோவிலில் ஒரு மெழுகுவத்தி. பிறகு எலியட்ஸ் பீச்சில் மணலில் உட்கார்ந்து நான் கவலைப்படுவேன். அவர் பத்தடி தள்ளி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு வாட்சைப் பார்ப்பார். "டைம் ஆச்சு, எழுந்திரு" என்று ரயில்வே கார்டு மாதிரி கூப்பிடுவார். பொய் சொல்லவில்லை அம்மா, அது கொஞ்சம் கேட்டது. மற்ற கவலைகள் எல்லாம் ஆறு மணிக்கு ஒழுங்காக வந்து போயின.

டம்ளர் மட்டும் அந்த டாக்டருக்கும் கட்டுப்படவில்லை. அதைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை.

பவுடர்

லூர்து வீட்டில் படுத்த வாரமும் டம்ளர் நிறைந்தது. அவர் தூங்கினால் கட்டிலோடு தூக்கிக் கடலில் போட்டாலும் தெரியாது, அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. நானோ விழித்திருக்கிறேன். கண்ணைக்கூட மூடாமல் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன் என்றுதான் என் எண்ணம். அப்படியிருக்க என் காதில் விழாமல், தாழ் திறக்காமல் யார் வருகிறார்கள்?

எனக்குள் ஒரு பதில் இருந்தது. கேட்டபோது கொடுக்கவில்லை அல்லவா, அதனால் அப்பா தானே பிடித்து வைத்துக்கொள்கிறார். பகலில் நினைத்தால் பைத்தியக்காரத்தனம். ராத்திரி இரண்டு மணிக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது.

லூர்து மறுபடி நைட் ஷிப்ட் போன முதல் நாள், முகப் பவுடர் டப்பாவை எடுத்து அப்பா அறை வாசற்படி ஓரம் முழுக்கத் தூவினேன். பாதி டப்பா காலி. அறையே மல்லிகை வாசனை அடித்தது. தாழை மூன்று தரம் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் டம்ளர் நிறைந்திருந்தது. பவுடரில் கால் தடம் இருந்தது.

வெறுங்கால். உள்ளே போன தடம், வெளியே வந்த தடம். குனிந்து பார்த்தேன். இரண்டாவது விரல் கட்டைவிரலை விட நீளமாகப் பதிந்திருந்தது. அப்பாவுக்கு அப்படித்தான் விரல். சின்ன வயசில் அவர் செருப்பைத் தாண்டி அந்த விரல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கேலி செய்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகுதான் ஒன்று நினைவு வந்தது. அந்த விரல் அப்பாவிடமிருந்து எனக்கும் வந்திருந்தது.

எழுந்து நின்று, என் வலது காலை அந்தத் தடத்தில் மெல்ல வைத்தேன். அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

தடத்தில் வைக்காத இடது உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். விரல் இடுக்கில் எல்லாம் பவுடர்.

சொல்கிறேன், பேயாக இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஏகாம்பரம் சொன்னது

கேட்டுக்கு வெளியே ஏகாம்பரத்தின் இஸ்திரி வண்டி நிற்கும். ராத்திரி அவன் படுக்கையும் அதன் மேல்தான். அன்று காலை பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தான். தொண்டையைச் சரி செய்துகொண்டு, ராத்திரி எங்கள் வாசலில் யாராவது நடமாடினதைப் பார்த்தானா என்று கேட்டேன்.

"இன்னா டீச்சர், வெளாட்றியா? நீதான டெய்லி வர்றே" என்றான்.

"நானா?"

"பின்ன? டம்ளர எட்த்துகினு வந்து பம்பு அடிச்சிகினு நிக்கிறே. தண்ணி வராத நாள்லகூட வெறும் காத்த அடிச்சிகினு கீறே. உன் நைனா மேல நீ வெச்ச பாசம், நான் இன்னாத்த சொல்றது?"

"எங்கிட்ட நீ பேசினியா?"

அவன் கரியைக் கிளறுவதை நிறுத்தினான். நான் சும்மா கேட்கவில்லை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது போல. குரல் இறங்கிவிட்டது.

"நான் எங்க பேசறது? நீதான் கேப்பே. என்னாண்டயும் கேட்டே, மாடி வூட்டு ஆளாண்டயும் கேட்டே, மாமியாண்ட டெய்லி கேப்பே. 'அப்பா கூப்ட்டாரா'ன்னு. அதே ஒரு பேச்சுதான்."

இரண்டு மாதமாக ஒருவரிடமும் கேட்கத் துணியாத கேள்வி. அதைத் தூக்கத்தில் எழுந்து போய்த் தெருவிடமே கேட்டிருக்கிறேன்.

தூங்கவே இல்லை என்று நினைப்பவர்கள்கூடத் தமக்குத் தெரியாமல் துண்டு துண்டாகத் தூங்குவார்கள், அப்படிக் கெட்ட தூக்கத்தில் சிலர் எழுந்து நடப்பதும் உண்டு என்று பிற்பாடு டாக்டர் விளக்கினார். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று திட்டவும் செய்தார். அன்று காலை எனக்கு எந்த விளக்கமும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆறு பீரியடும் என்ன நடத்தினேன் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

மாமி

பின் போர்ஷனில் கோமளா மாமி. ஐம்பது வயசு. மாமா ரயில்வே கார்டு, பாதி நாள் வண்டியில்தான் இருப்பார், அதனால் ராத்திரி தண்ணீர் பிடிப்பது மாமி வேலை. சாயங்காலம் போனபோது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். காபி கொண்டுவந்து வைத்தார்.

"மாமி, நான் ராத்திரில வெளிய வரேனாமே?"

மாமியின் கை நின்றது. "ஏகாம்பரம் சொன்னானா?"

"நீங்க ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? மொதல் நாள் பயந்தே போயிட்டேன். கண்ணு தெறந்துதான் இருக்கு, ஆனா என்னைப் பாக்கலை. 'அப்பா கூப்பிட்டாரா'ன்னே. 'இல்லைம்மா'ன்னேன். டம்ளரை நீட்டினே. என் கொடத்துலேர்ந்து ரொப்பினேன். வாங்கிண்டு போய்த் தாப்பாள் போட்டுண்டுட்டே. தூக்கத்துல நடக்கறவாளை எழுப்பப்படாதுன்னு சொல்லுவா. அதான் தெனமும் ரொப்பிக் குடுத்துண்டிருந்தேன்."

ஆக, தண்ணீர் வைத்தது நான் மட்டும் இல்லை.

காபியைத் தொடவில்லை. விழித்துக்கொண்டு, முதல் தடவையாக, அதைக் கேட்டேன்.

"அப்பா போன அன்னைக்கு ராத்திரி நீங்க பம்புல இருந்தீங்களா மாமி? அப்பா கூப்பிட்டாரா?"

மாமி பீன்ஸை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

"கூப்பிட்டார்" என்றார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கட்டில்ல தட்டற சத்தம் கேட்டது. ரெண்டு தரம். நீ எழுந்திருப்பேன்னு பாத்தேன், எழுந்திருக்கலை. ஜன்னல்கிட்ட போய், 'ஸ்டெல்லாவை எழுப்பட்டுமா'ன்னு கேட்டேன். வாயில விரலை வெச்சுக் காட்டினார். மெதுவா எழுந்து உன்னைத் தாண்டி ஜன்னலுக்கு வந்தார். 'வேணாம்மா. மூணு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் தூங்குது புள்ள. கூஜாவுல தண்ணி இல்ல, நீங்க கொஞ்சம் குடுங்க'ன்னார். கம்பி வழியா டம்ளரை நீட்டினார். அப்பத்தான் அடிச்ச தண்ணி. ரொப்பிக் குடுத்தேன். பாதி குடிச்சுட்டு ஜன்னல் மேடையில வெச்சார். 'எழுப்பாதீங்க'ன்னு இன்னொரு தரம் சொல்லிட்டுப் போய்ப் படுத்துண்டார். நன்னாத்தான்டி பேசினார்."

கூஜா காலி. குடம் காலி. நானே கழுவிக் கவிழ்த்தேன். அப்படியானால் ஜன்னல் மேடையில் இருந்த டம்ளரில் பாதித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று, இரண்டு மாதம் ராத்திரி பகலாக யோசித்த எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கவலை அப்படித்தான். எல்லாவற்றையும் குடைந்து பார்க்கும், எதிரில் இருப்பதைப் பார்க்காது.

"ஏன் மாமி சொல்லல? இத்தனை நாள் ஏன் சொல்லல?" கத்திவிட்டேன்.

"எப்படிச் சொல்லுவேன்? அவர் பேச்சைக் கேக்காம உன்னை எழுப்பியிருந்தா, ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போயிருப்பே. பொழைச்சிருப்பாரோ என்னமோ. 'நீ ஏன் எழுப்பலை'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" மாமி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னைலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்லைடி."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் இந்த இரண்டு மாதம் எனக்கு மிச்சம். மாமியை உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை நான் நன்றாக அறிவேன். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேனே. இருவரும் அழுதோம். காபி ஆறிப்போயிற்று. மாமி அதைக் கொட்டிவிட்டு வேறு போட்டார்.

மறுநாள்

அன்றிரவு தாழை ஒரு தரம்தான் பார்த்தேன். கடிகாரம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. படுத்த கொஞ்ச நேரத்தில் வழக்கம் போலக் கேட்டது, டிங். காதைப் பொத்தவில்லை. அப்பா வாயில் விரல் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவதை நினைத்துக்கொண்டேன். அவர் கால் என் மேல் படாமல் பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்.

கதவு இடிபடும் சத்தத்தில் விழித்தேன். லூர்து. அன்று ஷிப்ட் நீண்டு ஒன்பது மணிக்குத்தான் வந்திருந்தார். ஜன்னலில் வெயில் பளீரென்று அடித்தது.

கதவைத் திறக்கும் முன்னால் அப்பா அறையை எட்டிப் பார்த்தேன். டம்ளர் கவிழ்த்தபடி இருந்தது. காய்ந்திருந்தது.

வாசலில் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடங்கள் நாலும் தளும்பத் தளும்ப வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் மாமி வீட்டுத் தட்டு ஒன்று மூடியிருந்தது.

"நைட்டு நல்ல தண்ணி டீச்சர்" என்றான் கேட்டிலிருந்து ஏகாம்பரம். "மாடி வூட்டு ஆளு உன் கதவத் தட்ட வந்தாரு. மாமி வுடல. 'அவ தூங்கறா, எழுப்பாதேள்'னு ஒரே அதட்டு."

இதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டதே இல்லை என்று எழுதினால் அது பொய். இன்றும் கெடுகிறது. கடிகாரம் இன்றும் என் அறையில் சுவரைத்தான் பார்க்கிறது, ஆறு மணிக் கவலையும் உண்டு. ஆனால் டம்ளர் அதன் பிறகு நிறையவில்லை.

அன்று முதல் பீரியட் முடிந்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். மதர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்கள். காரணம் என்ற கட்டத்தில் "தூங்கிவிட்டேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.